யானை மேல் ஐந்து காயம்

யானையின் சொந்த பலம் மூன்று. அதன் மேல் ஐந்து காயம். ஆனாலும் அது இன்னும் சாகவில்லை. காரணம், ஆட்டத்தில் அந்த ஒரு முறைக்கு மட்டும் அதற்கு நான்கு பலம் இரவலாகக் கிடைத்திருக்கிறது. மூன்றும் நான்கும் ஏழு. ஏழு பலம் ஐந்து காயத்தைத் தாங்கும். இப்போது முறை முடிகிறது. முறை முடியும்போது இரவல் பலம் போய்விடும், காயங்களும் ஆறிவிடும். பலம் முதலில் போனால் மூன்று பலத்தின் மேல் ஐந்து காயம் நிற்கும், யானை விழுந்துவிடும். காயம் முதலில் ஆறினால் யானை பிழைத்துக்கொள்ளும்.

எது முதலில்?

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்கு எதிர்வரிசையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் மாறன் இந்தக் கேள்வியோடு ஐம்பது நாளாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். கேள்விக்குப் பதில் தெரிய வேண்டிய இன்னொரு ஆள் சாகில். அவன் போய்ச் சேர்ந்து ஐம்பது நாள்தான் ஆகியிருந்தது.

மாறன் ஜெராக்ஸ் போடுகிறவன் மட்டும் அல்ல, மெஷின் பழுது பார்க்கிறவன். ஒரு பக்கம் அச்சாகி வெளியே வர உள்ளே எத்தனை காரியம் நடக்கிறது, எதற்குப் பின் எது என்று அவனுக்கு அத்துப்படி. பேப்பர் சிக்கினால், 'எந்தப் படியில் சிக்கியது' என்றுதான் முதலில் கேட்பான். உலகத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு வரிசை உண்டு, அது தெரிந்துவிட்டால் கோளாறும் தெரிந்துவிடும் என்பது அவன் நம்பிக்கை. அதனால்தான் இந்த யானை அவனை விடவில்லை. மத்தியானம் கூட்டம் குறைந்ததும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மேசை மேல் அந்த யானைச் சீட்டைப் போடுவான். அதன் மேல் ஐந்து புளியங்கொட்டை வைப்பான், அதுதான் காயம். நான்கு சட்டைப் பொத்தான் வைப்பான், அதுதான் இரவல் பலம். முதலில் பொத்தானை எடுத்துப் பார்ப்பான். பிறகு எல்லாவற்றையும் திரும்ப வைத்து, முதலில் கொட்டையை எடுத்துப் பார்ப்பான். இரண்டும் நியாயமாகத்தான் தெரியும்.

சாகில் ரமணாசிரமம் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுசில் வரவேற்பு மேசையில் இருந்தவன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரர் அறையைக் காலி செய்தபோது ஒரு பெட்டியை மறந்துவிட்டுப் போனார். ஒரு வருஷம் எடுத்து வைத்திருந்து யாரும் கேட்காததால் சாகில் அதை மாறன் கடைக்குக் கொண்டுவந்தான். உள்ளே நூற்றுச் சொச்சம் சீட்டுகள். மிருகங்கள், மந்திரங்கள், கோட்டைகள். அவரவர் சேர்த்த சீட்டிலிருந்து ஒரு கட்டு அமைத்துக்கொண்டு, மிருகங்களை ஏவி எதிராளியின் கோட்டைக் கற்களை, ஒரு பலத்துக்கு ஒரு கல்லாக, உடைக்கும் விளையாட்டு. கூடவே ஆங்கிலத்தில் ஒரு விதிப் புத்தகம் இருந்தது. அதில் ஒரே ஒரு தாள் இல்லை.

இல்லாமல் போன தாள் எது என்பதில்தான் வினை. பத்தாம் பக்கத்தின் கடைசியில், முறை முடிவுக்கு மூன்று படிகள் உண்டு என்று போட்டிருந்தது. முதல் படியில், 'முறை முடிவில் இது நடக்கும்' என்று எந்தச் சீட்டில் எழுதியிருக்கிறதோ அதெல்லாம் நடக்கும். யாருடைய முறையோ அவர் சீட்டுக்கு முதல் இடம். இரண்டாம் படியில், கையில் ஆறு சீட்டுக்கு மேல் இருந்தால் கழிக்க வேண்டும். மூன்றாம் படியில் காயங்களும் இரவல் பலமும் நீங்கும்; எவ்வாறு என்பதை அடுத்த பக்கத்தில் பார்க்க. அடுத்த பக்கம் பதின்மூன்று.

அந்தத் தாள் இல்லாமலே பதினோரு வருஷம் ஆடினார்கள். ஒன்றும் குறையவில்லை. முறை முடிந்ததும் புறங்கையால் சீட்டின் மேலிருக்கும் கொட்டையையும் பொத்தானையும் ஒரே தள்ளாகத் தள்ளிவிடுவார்கள், அவ்வளவுதான். எது முதலில் என்று இருவருமே யோசித்ததில்லை.

யோசிக்க வைத்தது ஆடி மாசம் ஆடிய ஓர் ஆட்டம்.

இங்கே அவர்களுக்குள் இருந்த ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். பேசித் தீராத எதையும் அவர்கள் ஒரு ஆட்டம் ஆடித் தீர்த்துக்கொள்வார்கள். ஜெயித்தவன் சொன்னது நடக்கும், தோற்றவன் மறுபேச்சு பேசக்கூடாது. ஒருமுறை மாறன் தோற்று, கிரிவலப் பாதை பதினாலு கிலோமீட்டரும் தலையில் ஹெல்மெட்டோடு நடந்தான். "வண்டி எங்கே சாமி?" என்று வழியெல்லாம் கேட்டார்கள். இன்னொரு முறை சாகில் தோற்று, நிச்சயதார்த்தத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது மீசையை எடுத்தான். நிச்சயமே நின்றுபோய்விடும் என்று வீட்டில் அழுதார்கள். ஆனாலும் எடுத்தான். வாக்கு என்றால் இருவருக்கும் வாக்குதான்.

மூன்று வருஷமாக சாகிலுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. செவ்வாயும் வெள்ளியும் காலையில் டயாலிசிஸ். நாலு மணி நேரம் ஒரு கை மெஷினோடு கட்டிக் கிடக்கும், அசைக்கக்கூடாது. மற்றக் கையால் சீட்டுப் பிடிப்பான். மாறன் கடையைப் பூட்டிவிட்டு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வான். சாப்பாட்டுத் தட்டு வைக்கும் சக்கர மேசைதான் ஆடுகளம்.

சாகிலின் அக்கா நூரைன் தன் சிறுநீரகம் ஒன்றைத் தருவதாகச் சொல்லியிருந்தாள். ரத்தவகை ஒன்றுதான். வேலூருக்குப் போய் மற்றப் பரிசோதனைகள் செய்ய வேண்டியதுதான் பாக்கி. சாகில் அசையவில்லை.

"அவளுக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குது. நாளைக்கு அவளுக்கு ஒண்ணுன்னா அதுங்களை யார் பாக்கறது? நீயா?"

"டாக்டர் சொல்லட்டும்டா அதை. டெஸ்ட்டுக்காவது போயேன்."

"டெஸ்ட்டுக்குன்னு போனா அப்படியே படுக்க வச்சிடுவீங்க. உங்களைத் தெரியாதா எனக்கு?"

ஆடி மாசம் அந்த வெள்ளிக்கிழமை, பேசிப் பேசி வாய் ஓய்ந்த மாறன் சீட்டுக்கட்டை எடுத்தான். "ஆடலாம். நான் ஜெயிச்சா நீ வேலூர் போற. நீ ஜெயிச்சா நான் இனிமே அந்தப் பேச்சை எடுக்க மாட்டேன்."

சாகில் தலையைத் தூக்கினான். "எடுக்கவே மாட்டியா?"

"எடுக்கவே மாட்டேன்."

"போடு சீட்டை."

இரண்டரை மணி நேரம் ஆடினார்கள். கடைசியில் சாகிலின் கோட்டையில் ஒரே ஒரு கல், கையில் ஒரே ஒரு சீட்டு, களத்தில் ஒரு யானை. மாறனின் கோட்டையில் மூன்று கல், களத்தில் ஐந்து பலமுள்ள புலி. அத்தோடு கனல் என்ற சீட்டும் அவன் பக்கம் கிடந்தது. எதிராளியின் முறை முடியும்போதெல்லாம் எதிராளியின் கோட்டையில் ஒரு கல்லை அது தின்னும். அதாவது, சாகிலின் அடுத்த முறை முடிந்தால் சாகிலின் கதை முடிந்தது.

மாறன் புலியை ஏவினான். சாகில் யானையைக் குறுக்கே நிறுத்தினான். கையிலிருந்த கடைசிச் சீட்டையும் போட்டான், யானைக்கு வெறியேற்றும் மதம். இந்த முறைக்கு மட்டும் நான்கு பலம் இரவல். ஏழு பலத்தில் யானை அடித்தது, புலி செத்தது. புலி யானைக்கு ஐந்து காயம் வைத்துவிட்டுப் போனது.

"முடிஞ்சுதா உன் டர்ன்?" என்றான் சாகில். "என் டர்ன் வரட்டும். யானை மூணு கல்லையும் நொறுக்கிடும். காலி நீ."

மாறன் சீட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பதினோரு வருஷத்தில் முதல்முறையாக அப்போதுதான் அந்தக் கேள்வி அவனுக்கு வந்தது.

"இரு இரு. யானை செத்துடும்டா."

"இன்னாடா சொல்ற?"

"டர்ன் முடியுது. இரவல் போயிடுது. மூணுதான் மிச்சம். மேல அஞ்சு காயம் கீது."

"காயமும்தான் போவுது."

"பலம் முதல்ல போவும்."

"யார் சொன்னா?"

மாறன் ஒரு பொத்தானை எடுத்தான், திரும்ப அதே இடத்தில் வைத்தான்.

"இத்தினி வருஷமா ரெண்டையும் ஒண்ணாத்தானே தள்றோம்? இன்னைக்குத்தான் உனக்கு ஞானம் வந்துச்சா?" சாகில் சிரித்தான். மூச்சு வாங்கியது. "மூஞ்சியைப் பாரு, ரேஷன் கடையில கைரேகை விழாதவன் மாதிரி. போங்கு அடிக்காத மச்சான். எனக்காக அடிச்சாலும் போங்கு போங்குதான்."

மாறனுக்கு முகம் சுட்டது. தான் ஜெயிப்பதற்காக அந்த நிமிஷத்தில் ஒரு விதியை உண்டாக்குகிறோமோ என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. புறங்கையால் கொட்டையையும் பொத்தானையும் ஒன்றாகத் தள்ளினான். அடுத்த முறை யானை வந்து மூன்று கல்லையும் உடைத்தது. ஆட்டத்தைக் கலைக்கும்போது சாகில் அந்த முறைக்குச் சீட்டுக்கட்டிலிருந்து எடுத்திருந்த ஒரே சீட்டை மாறன் திருப்பிப் பார்த்தான்; ஒன்றுக்கும் உதவாத அகழி. யானை மட்டும் செத்திருந்தால் சாகிலால் தப்பித்திருக்கவே முடியாது.

அதற்குப் பிறகு மாறன் வேலூர் என்ற வார்த்தையை எடுக்கவில்லை. ஐப்பசியில் ஒரு காலை நேரம், சாகில் குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

விதிப்படி பலம்தான் முதலில் போகும் என்றால், அன்றைக்கு ஜெயித்தது மாறன். ஜெயித்த ஆட்டத்தை வெட்கப்பட்டு விட்டுக்கொடுத்திருக்கிறான். தோற்ற சாகில் மீசையை எடுத்த மாதிரி வேலூருக்கும் போயிருப்பான். அவன் போகாததற்கு மாறனின் வெட்கம்தான் காரணம் என்று ஆகிவிடும். இதைத்தான் மாறன் அறிய வேண்டியிருந்தது. இணையத்தில் தேடினான். விளையாட்டை வெளியிட்ட கம்பெனி மூடிப் பல வருஷம் ஆகியிருந்தது. பெட்டியின் அட்டைப்படத்தைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை. பழைய சீட்டு சேகரிக்கிறவர்கள் குழு ஒன்றில் கேட்டுப் பார்த்தான். பதிலே இல்லை.

தீபக் கூட்டம் ஊரை விட்டுப் போய் நாலு நாள் இருக்கும். ஒரு மத்தியானம் பாதி இறங்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து நூரைன் உள்ளே வந்தாள். கீழ்பென்னாத்தூரில் மருந்துக்கடையில் மருந்தாளுநர் வேலை அவளுக்கு. அரை நாள் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறி வந்திருந்தாள். தோளில் சாகில் டயாலிசிசுக்குக் கொண்டுபோகும் பை.

"நாப்பதாம் நாள் பாத்தியாவுக்கு வந்தே, சாப்பிடாமலே போயிட்டே" என்றாள் உட்கார்ந்துகொண்டே.

"கடையில ஆள் இல்லக்கா."

"இப்ப மட்டும் ரொம்ப ஆள் கீது." பையை மேசை மேல் வைத்தாள். "போர்வை, பிளாஸ்க், உன் சீட்டு. உன் பொருளை நீ எடுத்துக்கோ. அதுக்கு மட்டும் வரலை மாறா. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கக்கா."

"அத்தா சொல்லி அவன் கேக்கலை. நான் காலைப் பிடிக்காத குறையா கெஞ்சிக் கேக்கலை. நீ சொன்னா கேப்பான். வாரத்துல ரெண்டு நாள் பக்கத்துலயே குந்தியிருந்தே. ஆடி மாசத்துக்கு அப்புறம் நீ ஒரு வார்த்தை சொல்லலைன்னு அவனே என்கிட்ட சொன்னான். 'மாறனே விட்டுட்டான், நீ ஏன்க்கா தொங்கறே'ன்னான். ஏன்டா விட்டே?"

மாறன் மேசையைப் பார்த்தான். யானை அங்கேதான் இருந்தது, ஐந்து கொட்டையோடும் நான்கு பொத்தானோடும். மறைக்க அவனுக்குத் தெரியவில்லை. முதலிலிருந்து சொன்னான். பந்தயத்தைச் சொன்னான், யானையைச் சொன்னான், போங்கு என்றதைச் சொன்னான், தள்ளிவிட்டதைச் சொன்னான்.

வெளியே யாரோ, "ஆதார் கார்டு ரெண்டு காப்பி வேணும்ங்க" என்று குரல் கொடுத்துவிட்டு, பதில் வராமல் பக்கத்துக் கடைக்குப் போனார்கள்.

"ஆட்டத்துல வச்சீங்களா" என்றாள். "என் கிட்னியையும் அவன் உசுரையும் சீட்டாட்டத்துல வச்சீங்களா ரெண்டு பேரும்?"

"வேற எதுலயும் அவன் மசியலக்கா."

"நீ ஜெயிச்சிருந்தா மட்டும் போயிருப்பானா?"

"போயிருப்பான். அதான்க்கா."

"அப்போ நீதான் ஜெயிச்சியா? சொல்லு. ஜெயிச்சிட்டு விட்டுட்டியா?"

"அதுதான் தெரியலை. அம்பது நாளா அதைத்தான் பாத்துக்கினு இருக்கேன்."

இன்னும் ஏதோ கேட்க வாய் எடுத்தவள், கேட்காமல் பையிலிருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைக்க ஆரம்பித்தாள். கைக்கு ஏதாவது வேலை தேவைப்பட்டது போலிருந்தது. போர்வை, பிளாஸ்க், பாதி தீர்ந்த வேஸ்லின் டப்பா, சீட்டுக்கட்டு. அடியில் ரப்பர் பேண்ட் போட்ட மெல்லிய கட்டு ஒன்று.

"இது இன்னா, வேற பாஷையா இருக்குது?"

"பிரெஞ்சு. பெட்டியிலேயே பதினோரு சீட்டு அப்படித்தான் இருந்துச்சு. படிக்கத் தெரியாதுன்னு ஆட்டத்துல சேக்கவே இல்லை. அவன் எதுக்கு வச்சிருந்தான்னு தெரியலை."

நூரைன் போனை எடுத்தாள். "எங்க கடைக்கு வெள்ளைக்காரங்க அவங்க ஊர் மருந்து அட்டையோட வருவாங்க. போட்டோ எடுத்தா தமிழ்ல சொல்லும். பாதி தப்பா சொல்லும், ஆனா சொல்லும்." அவனைக் கேட்காமலே ஒவ்வொரு சீட்டாகப் படம் பிடித்துப் படித்தாள். தம்பி கடைசியாகத் தொட்டவற்றை ஒன்றுவிடாமல் படித்துவிட வேண்டும் என்ற பிடிவாதம் அதில் இருந்தது. ஒரு சீட்டு காற்று என்றது. ஒன்று இரண்டு மிருகங்களை இடம் மாற்றச் சொன்னது. ஏழாவது சீட்டில் தொடையில் கட்டுப் போட்ட ஒரு வீரன் மரத்தில் சாய்ந்திருந்தான்.

"'ஆறாத காயம்'. 'ஒரு மிருகத்தைத் தேர்வு. இந்த முறை முடிவில் அதன் காயங்களும் இரவல் பலமும் ஒன்றாக நீங்காது. பலம் முதலில் நீங்கும். காயங்கள் அதற்குப் பின்.'" எட்டாவது சீட்டை எடுக்கப் போனாள்.

"அக்கா. அதை இன்னொரு வாட்டி படிங்க."

படித்தாள். மாறன் போனை வாங்கி, தமிழை நம்பாமல் ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்த்தான். அதுவும் அதையே சொன்னது. வெளிச்சத்தில் வைத்து இன்னொரு படம் எடுத்தான். அதுவும் அதையே சொன்னது. போனை மேசை மேல் வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

"இன்னாடா? எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

மாறன் முகத்திலிருந்து கையை எடுத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தான். சொல்லச் சொல்லக் குரல் சரியானது. ஒன்று எப்படி வேலை செய்கிறது என்று விளக்கும்போது அவன் குரல் எப்போதும் அப்படித்தான் தெளியும்.

"புத்தகத்துல இருக்கற விதியை எந்தச் சீட்டும் திரும்ப எழுதாதுக்கா. எதுக்கு எழுதணும்? விதியை மீறத்தான் சீட்டு. 'இந்தப் பறவை ஒரே டர்ன்ல ரெண்டு தரம் அடிக்கும்'னு ஒரு சீட்டு கீதுன்னு வைங்க, மத்ததெல்லாம் ஒரு தரம்தான் அடிக்கும்னு அர்த்தம். இந்தச் சீட்டு, 'இன்னைக்கு மட்டும் ஒண்ணா போகாது, பலம் முதல்ல போகும்'னு சொல்லுது. பலம் எப்பவுமே முதல்ல போறதா இருந்தா இந்தச் சீட்டுக்கு வேலையே இல்லை."

"அப்போ அவன் போங்கு அடிக்கலை."

"இல்லக்கா."

"நீயும் விட்டுக் கொடுக்கலை."

"இல்லை. நான் தோத்துட்டேன்."

நூரைன் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "யார் மேலயாவது கோவப்படலாம்னுதான்டா பஸ் ஏறி வந்தேன்" என்றாள். அழுகை அப்போதுதான் வந்தது. மாறன் எழுந்து ஷட்டரை இன்னும் கொஞ்சம் இறக்கிவிட்டு வந்து, பிளாஸ்க்கைக் கழுவி அதன் மூடியில் அவளுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்தான். அவள் அழுது முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தான். அவன் கண்ணீரும் நிற்கவில்லை. தோற்றிருக்கிறோம் என்பதில் நிம்மதி வரும் என்று எதிர்பார்த்திருந்தான்; வந்தது, ஆனால் சாகில் இல்லாததை அது துளியும் குறைக்கவில்லை.

தண்ணீரைக் குடித்துவிட்டு அவள் யானையைத் தன் பக்கம் இழுத்தாள். "எப்படிப் போகும்னு காட்டு. ஒரு தரம் பாக்கறேன்."

மாறன் காட்டினான். மாறனின் முறை முடிகிறது. முதல் படியில், முறை முடிவில் நடக்க வேண்டியவை நடக்கும்; இங்கே அப்படி எதுவும் இல்லை, கனல் சாகிலின் முறை முடிவில்தான் எரியும். இரண்டாம் படியில் கையில் மிஞ்சிய சீட்டைக் கழிக்க வேண்டும், மிஞ்சியது இல்லை. மூன்றாம் படியில் ஐந்து காயமும் நான்கு இரவல் பலமும் ஒரே நேரத்தில் நீங்கும். ஒன்று போய் மற்றது நிற்கிற இடைவெளி நடுவில் கிடையாது. ஆகவே மூன்று பலத்தின் மேல் ஐந்து காயம் என்ற நிலை எப்போதும் வருவதில்லை. யானை சாகாது. காயமில்லாமல், தன் சொந்த பலம் மூன்றோடு, அடுத்த முறைக்குப் போகும்.